பொட்டில்லாத ஒன்பதாவது படம்

டுசல்டோர்ஃபில் தமிழர் கூடும் எந்த மண்டபத்திலும் பிளோறன்ஸால் நிம்மதியாக உட்கார முடிந்ததில்லை. பூப்புனித நீராட்டு விழாவோ, தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு விழாவோ, எதுவானாலும் ஒலிவாங்கியைப் பிடித்தவன் கண்ணில் அவள் பட்டுவிட்டால் போதும். "பிரெஞ்சுத் திரையுலகைக் கலக்கிய எங்கள் மண்ணின் நடிகை" என்று ஆரம்பித்துவிடுவான். மண்டபம் கைதட்டும். அவள் எழுந்து நின்று கும்பிட வேண்டும். முகத்தில் சிரிப்பு இருக்கும். பல்லுக்குள் வேறு ஏதோ இருக்கும். மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே நடிகை ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் தலைக்கு வலைத்தொப்பி போட்டுக்கொண்டு நூற்றெண்பது பிள்ளைகளுக்கு நூடில்ஸ் அவித்துக்கொண்டிருப்பாள்.

"கலக்கினனான்தான்," என்று வீடு திரும்பும் வழியில் கணவன் அல்பேர்ட்டிடம் வெடிப்பாள். "ஒன்பது படத்திலயும் வாளித் தண்ணியைத்தான் கலக்கினனான். உவங்களுக்கு ஆர் சொல்லுறது?"

அல்பேர்ட் நகர பஸ் ஓட்டுகிறவர். வீட்டுக் காரையும் பஸ் மாதிரியே ஓட்டுவார். "விடுமப்பா, சந்தோசத்தில சொல்லுறாங்கள்" என்று சொல்லிக்கொண்டு மஞ்சள் விளக்குக்கே பிரேக் போடுவார். அதுவும் அவளுக்கு எரிச்சல்.

மகள் லவினியாவுக்குப் பதினேழு வயது. ஒரு மழை நாளில் வேறு வேலை இல்லாமல் தாயின் படங்களையெல்லாம் தேடிப் பிடித்து நேரம் பார்த்திருக்கிறாள். இருபத்தாறு வருடம், ஒன்பது படம், எல்லாமாகச் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம். அதில் மூன்று நிமிடம் வெறும் முதுகு.

இந்தப் பன்னிரண்டு நிமிடத்தால் பிளோறன்ஸுக்கு ஒரு அண்ணன் இல்லாமல் போன கதையை எந்த அறிவிப்பாளனும் சொல்வதில்லை. அந்த அண்ணனோ அதே மண்டபத்தில் ஆறு நாற்காலி தள்ளி, கைதட்டாமல் உட்கார்ந்திருப்பார்.

பிளோறன்ஸ் மன்னார், பேசாலைப் பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் விட்டபோது அவளுக்கு ஆறு வயது. அண்ணன் செல்வரட்ணத்துக்குப் பதினெட்டு. சைக்கிள் பாரில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது அவர். கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளுக்கு வெள்ளைச் சட்டை தைப்பித்தது அவர். எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லின் வழியாக வந்து, டுசல்டோர்ஃபில் ஒரு இரும்புக் குழாய்த் தொழிற்சாலையில் நின்றுபிடித்து, தங்கையை வெளியே எடுத்ததும் அவர்தான். ஜேர்மனிக்கென்றுதான் எடுத்தார். கூட்டி வந்தவன் பாரிஸில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அவளும் அங்கேயே இருந்துவிட்டாள்.

பாரிஸில் அவள் அலுவலகங்கள் துடைத்தாள். காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை. தொண்ணூற்றாறில் ஒரு நாள் அந்த அலுவலகத்தில் படப்பிடிப்பு. துப்புரவுக்காரி வேடத்துக்கு ஒரு நடிகையை வரவழைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளை மொப்பைப் பிடித்த பிடி இருக்கிறதே, பல்லக்குத் தூக்குகிறவள் கூட அப்படிப் பிடிக்கமாட்டாள். வாளியை ஈரத்துக்குப் பின்னால் வைக்காமல் முன்னால் வைத்து, துடைத்த இடத்திலேயே கால் வைத்து நடந்தாள். ஒரு தரம், இரண்டு தரம், பதினொரு தரம். பன்னிரண்டாவது தரம் பிளோறன்ஸுக்குப் பொறுக்கவில்லை. நேரே போய் மொப்பைப் பறித்து, இப்படித்தான் என்று சுவரோரம் வரை துடைத்துக் காட்டினாள். காட்டியதையே பின்னாலிருந்து படம் எடுத்துக்கொண்டு, அந்த நடிகையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பிரெஞ்சுப் படத்தில் யாராவது மாடிப்படி துடைக்க வேண்டுமென்றால் அவளுக்கு அழைப்பு வரும். ஒன்பது மணி வரை உண்மையான மாடிப்படி. பத்து மணிக்குப் படத்து மாடிப்படி. "கொஞ்சம் களைப்பாகத் துடையுங்கள், மேடம்" என்பார்கள். களைப்பில் கண் செருகிக்கொண்டு போகிறவளைப் பார்த்து இப்படிக் கேட்டால் அவள் என்ன செய்வாள்? மொப்பைக் கீழே போட்டுவிட்டுப் போகலாம் என்று வரும். ஆனால் கமெரா ஓடத் தொடங்கினால், அந்த ஒரு நிமிடம், இருபது பேர் மூச்சுவிடாமல் அவளையே பார்ப்பார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. அதை அவள் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

எதைப் பொறுத்தாலும் பொட்டை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. ஒப்பனைக்காரி ஒரு தட்டு நிறையப் பொட்டோடு வந்து நிற்பாள். தான் கத்தோலிக்கக்காரி, பொட்டு வைக்கிற வழக்கமில்லை, பெயரே பிளோறன்ஸ் என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். அது எங்கள் ஊர்ப் பெயரல்லவா என்று அவர்கள் சிரித்தார்கள். பார்க்கிறவர்களுக்கு நீங்கள் யார் என்று தெரிய வேண்டாமா என்று கேட்டார்கள். படத்தில் அவள் பெயர் லட்சுமி. அடுத்த படத்தில் சாந்தி. அதற்கடுத்ததில் மறுபடியும் லட்சுமி. குடியிருந்த மாடியில் பாலாம்பிகை என்று யாழ்ப்பாணத்துச் சைவக்கார அக்கா ஒருவர் இருந்தார். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "பொட்டைக் கொஞ்சம் மேல வைச்சிட்டாங்கள், பிள்ளை" என்று திருத்தம் சொன்னபோது அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஆறாவது படம் இரண்டாயிரத்து மூன்றில். அதில்தான் அவள் செத்தாள்.

கதைப்படி மேரி என்ற ஒரு தமிழ்ப் பெண் இறந்துபோகிறாள். அவள் நினைவில் மற்றவர்கள் பிரெஞ்சில் நிறையப் பேசுகிறார்கள். அந்த மேரிக்கும் பொட்டு உண்டு. தமிழ்க் கடைகளின் வாசலில் அவளுக்குக் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டியிருக்க வேண்டும் என்று இயக்குநர் கேட்டார். கலைப் பிரிவில் ஒரு பையன் எங்கிருந்தோ தமிழ் எழுத்துகளைப் பொறுக்கி அடித்துக்கொண்டு வந்தான். பிளோறன்ஸ் வாசித்துப் பார்த்தாள். பாதி எழுத்துத் தலைகீழ். மீதி ஏதோ மருந்து எப்படிக் குடிக்க வேண்டும் என்றிருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தா இஞ்ச" என்று தாளைப் பறித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தானே எழுதினாள்.

எழுத எழுத அவளுக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. ஒன்றாவது ஒழுங்காக இருக்கட்டும். மேலே சிலுவை. "மன்னார் பேசாலையைப் பிறப்பிடமாகவும் பாரிஸை வதிவிடமாகவும் கொண்ட மேரி அவர்கள்" என்று தொடங்கினாள். அடுத்தது உறவுமுறை. கண்ணீர் அஞ்சலியில் உறவுக்காரர் பெயர் நாட்டோடு இல்லாவிட்டால் எந்தத் தமிழன் நம்புவான்? அன்னாருக்கு ஒரு அண்ணனாவது வெளிநாட்டில் இருக்க வேண்டும். பொய்ப் பெயர் நாலைந்து எழுதி வெட்டினாள். எல்லாம் நாடகப் பெயராகவே இருந்தது. கடைசியில் கை தானாக எழுதியது: "செல்வரட்ணம் (ஜேர்மனி) அவர்களின் பாசமிகு சகோதரியும் ஆவார்." வாசித்துப் பார்த்தாள். இப்போதுதான் நோட்டீஸ் மாதிரி இருந்தது. படத்துக்கு அவள் முகம், பொட்டோடு.

ஞாயிற்றுக்கிழமை லா சப்பல் தெருவில் ஆறு தமிழ்க் கடைகளில் ஒட்டிப் படம் எடுத்தார்கள். மாலையில் கிழிக்கச் சொன்னார்கள். ஐந்தைக் கிழித்தார்கள். ஆறாவது, குணசேகரம் என்பவரின் மளிகைக் கடை. ஞாயிறு பூட்டியிருந்த கடை. திங்கள் காலை அவர் வந்து பார்த்தால், தன் கடையில் வெண்டைக்காய் வாங்குகிற பிள்ளை வாசலில் செத்துப்போய் ஒட்டப்பட்டிருக்கிறாள். நல்ல மனிதர். செத்தவளின் நோட்டீசை முப்பத்தோராம் நாளுக்கு முன் கிழிக்கக் கூடாது என்று அப்படியே விட்டார். அதோடு விட்டாரா? டுசல்டோர்ஃபில் இருந்த மைத்துனனுக்குத் தொலைபேசி எடுத்தார். மைத்துனன் செல்வரட்ணத்துக்கு எடுத்தான்.

"மேரி எண்டுதான் போட்டுக் கிடக்காம், அண்ணை. ஞானஸ்நானப் பேராக்கும். படம் உங்கட தங்கச்சின்ரதானாம். கீழ உங்கட பேரும் கிடக்காம்."

அண்ணன் அவளுக்குத் தொலைபேசி அடித்தார். படப்பிடிப்பில் போனை அணைத்து வைக்கச் சொல்வார்கள், அணைத்து வைத்திருந்தாள். பதினேழு தரம் அடித்தார். அதற்குள் செய்தி பேசாலைக்குப் போய்விட்டது. கோயிலில் துக்க மணி அடித்தார்கள். அம்மா தரையில் விழுந்து அழுதா. அண்ணன் கறுப்புக் கோட் ஒன்றை இரவல் வாங்கி, ஒரு மலர்வளையம் செய்வித்து, கொலோனில் ரயில் ஏறினார்.

ஏதோ மண்டபத்தில் தமிழ்ச் சாவு வீடு நடக்கிறது என்று குணசேகரம் கேள்விப்பட்டுச் சொன்ன வழியில் தேடிக்கொண்டு வந்தவர் சேர்ந்தது படப்பிடிப்பு நடந்த மண்டபத்துக்கு. அங்கே மேரியின் சாவு வீடு. வாசலிலிருந்தே சவப்பெட்டி தெரிந்தது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். பெட்டிக்குப் பக்கத்தில், முகமெல்லாம் வெள்ளைப் பவுடரும் நெற்றியில் பொட்டுமாக, பிளோறன்ஸ் கதிரையில் உட்கார்ந்து குறோசோன் தின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணை!" என்று வாய் நிறைய மாவோடு எழுந்தாள். "என்ன திடீரெண்டு?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். விஷயம் விளங்கக் கால்மணி நேரம் எடுத்தது. விளங்கிய பிறகு எழுந்தார். தங்கையின் முகத்தைப் பார்த்தார்.

"அம்மா ஒரு நாள் முழுக்க ஒப்பாரி வைச்சுக் கிடக்கிறா. நீ இஞ்ச இருந்து தின்னுறாய். எனக்கு நீ செத்தவள்தான். செத்தவளாவே இரு."

வந்த ரயிலிலேயே திரும்பிவிட்டார். மலர்வளையத்தை விட்டுவிட்டுப் போனார். "அன்புத் தங்கைக்கு, அண்ணன்" என்று நாடா கட்டிய அந்த வளையத்தைக் கலைப் பிரிவுக்காரர் பார்த்து, இவ்வளவு அசலான பொருள் கிடைக்காது என்று எடுத்துப் பெட்டிமேல் வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்தப் படத்தில் அது தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் யாரை அடிப்பது என்று பிளோறன்ஸுக்குத் தெரிவதில்லை.

அம்மாவோடு அன்றிரவே கதைத்துவிட்டாள். அம்மா அழுததில் தொண்டை கட்டி, ஒன்றும் விளங்காமல், "இருக்கிறியே பிள்ளை, இருக்கிறியே" என்று மட்டும் சொன்னா. பிறகு எடுத்தபோதெல்லாம் அதைப் பற்றிக் கேட்கப் பிளோறன்ஸுக்குத் துணிவு வரவில்லை. எட்டு மாதத்தில் அம்மாவின் இதயம் நின்றது. அண்ணன் போய்க் கடைசி மூன்று கிழமை பக்கத்தில் இருந்தார். பிளோறன்ஸிடம் இருந்தது அகதிப் பயணப் புத்தகம். அதை வைத்து இலங்கைக்குப் போக ஏலாது. அந்த மூன்று கிழமையும் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்வது கேட்கவில்லை. அம்மா தன்னைப் பற்றி என்ன சொல்லிவிட்டுப் போனா, தன்னால்தான் நெஞ்சு நொந்து போனாவா என்பதைச் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவர் கதைக்கமாட்டார்.

இரண்டாயிரத்து ஐந்தில் அல்பேர்ட்டைக் கட்டி டுசல்டோர்ஃபுக்கு வந்தாள். சம்பந்தம் பேசிப் போனபோது அல்பேர்ட்டின் தாய், "அந்தப் பிள்ளை செத்ததெண்டெல்லோ கேள்விப்பட்டனான்" என்றாவாம். அண்ணன் கல்யாணத்துக்கு வரவில்லை. அவளும் சும்மா இருக்கவில்லை. கடிதம் எழுதினாள், திறக்காமல் திரும்பி வந்தது. வீட்டுக்குப் போனாள், அண்ணி பிறின்சி தேத்தண்ணி தந்தாள், அண்ணன் பின்கதவால் தோட்டத்துக்குப் போய்ப் பனி கொட்டக் கொட்ட நின்றார். கெவெலார் யாத்திரைத் தலத்து மாதாவிடம் வருடா வருடம் நேர்த்தி வைத்தாள். மாதாவும் பதில் சொல்லவில்லை.

மாதம் ஒரு சனிக்கிழமை தமிழ்ப் பூசை. அண்ணன் எப்போதும் ஃபாதரின் வாய் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருவார். குழாய் வெட்டுகிற இயந்திரங்களின் இரைச்சலுக்குள் முப்பது வருடம் நின்றதில் காது போய்விட்டது. காதுக் கருவி கூவுகிறது என்று அதைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்திருப்பார். வீட்டிலும் டிவி சத்தமில்லாமல்தான் ஓடும். பூசையில் சமாதானம் பகிரும் நேரம் வந்தால் எழுந்து தன் வரிசை முழுவதற்கும் கை கொடுப்பார், பின்வரிசைக்குக் கொடுப்பார், கைக்குழந்தைக்குக் கூடக் கொடுப்பார். பிளோறன்ஸ் நீட்டிய கையைத் தாண்டி அடுத்தவருக்குக் கொடுப்பார். பத்தொன்பது வருடம், மாதம் ஒருக்கால், தவறாமல்.

"எவ்வளவு வைராக்கியம் எண்டு பாருங்கோ," என்பாள் அல்பேர்ட்டிடம். "இதை வேற எதிலயும் காட்டியிருந்தா மனிசன் இந்நேரம் மேயரா வந்திருப்பார்."

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் பாரிஸிலிருந்து அழைப்பு. மிரேய் என்ற பெண். அன்று லா சப்பலில் நோட்டீஸ் ஒட்டித் திரிந்தவர்களில் ஒருத்தி, இப்போது இயக்குநர். பிளோறன்ஸின் அண்ணன் கதை அவளுக்கு முழுவதும் தெரியும். ஒரு காட்சி இருக்கிறது என்றாள். ரயில் நிலையத்தில் ஒரு பெண் ஊருக்குத் தொலைபேசி எடுத்துக் கதைக்கிறாள், ஒன்றரை நிமிடம், முகம் மட்டும். தமிழில் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். பிரெஞ்சில் கீழே எழுத்துப் போடப்போவதில்லை.

"பொட்டு?" என்று கேட்டாள் பிளோறன்ஸ்.

"வேண்டாம்" என்றாள் மிரேய்.

சமையலறையில் இரண்டு நாள் லீவு எடுத்துப் போனாள். காட்சிக்கென்று எதையும் யோசித்துக்கொண்டு போகவில்லை. ஒன்றும் இணைக்காத தொலைபேசியைக் காதில் வைத்ததும் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"அண்ணை, நான்தான். வைச்சிடாதேங்கோ. உங்கட பேரில்லாம என்ர சாவை எழுத எனக்குத் தெரியேல்லை, அதுதான் எழுதிப்போட்டன். கோவியுங்கோ, அது உங்கட உரிமை. ஆனா ஒண்டை மட்டும் சொல்லுங்கோ. அம்மா கடைசியா என்னைப் பற்றி என்ன சொன்னவா? என்னாலதான் போறன் எண்டு நினைச்சவாவோ? அதைச் சொல்லிப்போட்டுப் பிறகும் கதைக்காம இருங்கோ. எனக்கு அது காணும்."

படப்பிடிப்புக் குழுவில் ஒருவருக்கும் ஒரு சொல் விளங்கவில்லை. ஆனாலும் மிரேய் அழுதாள். இரண்டாவது தரம் எடுக்கவில்லை.

படம் போன வருடம் ஜேர்மன் தொலைக்காட்சி ஒன்றில் வருவதாக அறிவித்தார்கள். புதன்கிழமை இரவு எட்டே கால். பிளோறன்ஸ் உடனே பிறின்சியைப் பிடித்தாள். பல்பொருள் அங்காடியில், தக்காளிக்கு முன்னால் நின்று.

"மச்சாள், எப்பிடியாவது அவரைக் கொண்டுவந்து முன்னால இருத்துங்கோ. வேற ஒண்டும் கேக்கமாட்டன்."

"உங்கட படமெண்டு சொல்லமாட்டன். சும்மா போட்டு விடுறன்" என்றாள் பிறின்சி.

புதன்கிழமை வீடு நிறையச் சனம். யார் கூப்பிட்டது என்று கேட்டால், அல்பேர்ட் ஜன்னலைப் பார்த்தார். ரோல்ஸும் பற்றிஸும் பொரித்தே அவள் களைத்துப்போனாள். ஒரு வழியாக அந்தக் காட்சி வந்தது. ரயில் நிலையம். அவள் முகம். பொட்டில்லாத நெற்றி. வாய் திறந்தது.

உள்ளேயிருந்து யாரோ ஒரு ஜேர்மன்காரி பேசினாள். புகைபிடித்துப் புகைபிடித்துக் கட்டிப்போன குரல். "சகோதரா, இங்கே மழை பெய்கிறது. கோப்பி நன்றாக இல்லை. எப்போது வருவேன் என்று தெரியாது. நான் களைத்துவிட்டேன். பூனைக்குச் சாப்பாடு போட மறக்காதே."

இந்த நாட்டில் எந்தப் படத்தையும் ஜேர்மன் குரல் போட்டுத்தான் காட்டுவார்கள்; அது பிளோறன்ஸுக்கும் தெரியும். ஆனால் பிரெஞ்சுக்காரரே விளங்காமல் விட்டுவைத்த தமிழை இவர்கள் எதற்குத் தொட்டார்கள்?

"அக்கா!" என்றாள் வந்தவர்களில் ஒருத்தி. "உங்கட ஜேர்மன் இவ்வளவு வடிவோ! எங்களோட கதைக்கேக்க காட்டுறேல்லை."

மொழிச் சோதனையில் மூன்றாவது தரம் பாஸானவள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் சமையலறை இடைவேளையில் அந்தத் தொலைக்காட்சி நிலையத்துக்கு அடித்தாள். இருபத்தைந்து நிமிடம் இசை. பிறகு மிகவும் மரியாதையான ஒரு குரல். தமிழ் வசனத்துக்கு எழுத்து வடிவம் வரவில்லையாம்; அதனால் குரல் போட்டவர்கள் உதட்டசைவுக்குத் தகுந்த மாதிரி ஏதோ எழுதியிருக்கிறார்களாம். மிக அழகாகப் பொருந்தியிருக்கிறதே என்றது குரல்.

"பூனை எங்கேயிருந்து வந்தது?" என்று ஜேர்மனில் கேட்டாள். "எனக்குப் பூனை கிடையாது. படத்திலும் பூனை கிடையாது."

முறைப்பாட்டுக்கு ஒரு படிவம் இருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்டது குரல். அவள் வைத்துவிட்டாள். பிறின்சிக்கு அடித்தாள்.

"பாத்தவரோ?"

"பாத்தவர், மச்சாள்."

"என்ன சொன்னவர்?"

பிறின்சி கொஞ்சம் இழுத்தாள். "ஒண்டும் சொல்லேல்லை. எழும்பிப் போயிட்டார்."

பூனைக் கதைக்கு வேறென்ன சொல்வார்? இருபத்தொரு வருடம் காத்திருந்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, அது அவர் வீட்டுக்குள்ளேயே போய்ச் சேர்ந்து, கடைசி நிமிடத்தில் கோப்பியும் பூனையுமாக மாறிவிட்டது. இனி எதைச் செய்வது? அண்ணனுக்கு அறுபத்தாறு வயது. கேள்வியோடேயே தான் போகப்போகிறாள் என்று அவளுக்கு அன்று உறுதியாகிவிட்டது. நூடில்ஸைக் குழைய அவித்து, அதற்கும் பேச்சு வாங்கினாள்.

சனிக்கிழமை பூசைக்குப் போக மனமில்லை. அல்பேர்ட் இழுத்துக்கொண்டு போனார். சமாதானம் பகிரும் நேரம் வந்தது. அண்ணன் எழுந்தார். முன்வரிசைக்குத் திரும்பினார், கொடுத்தார். பக்கத்தில் கொடுத்தார். பிளோறன்ஸ் இந்த முறை கையை நீட்டவேயில்லை. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சிலுவையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ தோளைத் தட்டினார்கள். அண்ணன், வரிசையை விட்டு வெளியே வந்து, நடுப்பாதையில் நின்றார்.

"அம்மா உன்னைத் திட்டேல்லை!" என்றார்.

காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. கோயிலின் கடைசி வரிசை வாங்கு வரை கேட்டது. ஃபாதர் அப்பத்தைக் கையில் எடுத்தபடி நின்றார். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அண்ணன் தங்கையின் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். மிச்சப் பூசையில் என்ன நடந்தது என்று பிளோறன்ஸுக்குத் தெரியாது.

பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி. அண்ணன் மூலையில் ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் அந்த மேசைக்குக் கிட்டவும் வராமல், காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்கள். அவள் எதிரில் போய் உட்கார்ந்தாள். முகத்தை அவருக்கு நேரே வைத்தாள்.

"பூனை எண்டெல்லோ சொன்னது, அண்ணை. உங்களுக்கு எப்பிடி..."

"நான் எங்க சத்தம் வைச்சனான்? கீழ எழுத்து ஓடினது, பூனை எண்டு. உன்ர வாய் பூனை எண்டு சொல்லேல்லை. முழுக்க விளங்கேல்லைத்தான். அண்ணை விளங்கினது. அம்மா விளங்கினது. கடைசியா எண்டது விளங்கினது. ஆலையில எனக்குப் பக்கத்தில ராசன் நிண்டவன். முப்பது வருசம் ரெண்டு பேரும் வாயைப் பாத்துத்தானே கதைச்சனாங்கள். மகன் கணினியில எடுத்துத் தந்தவன், நாலு தரம் பாத்தனான். பிறின்சியை வாய் திறக்கக் கூடாதெண்டனான்."

அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"பொட்டு வைக்கேல்லை இந்த முறை."

"இல்லை."

"முந்தின எட்டில, முகம் தெரிஞ்சதிலயெல்லாம் வைச்சனி."

எட்டையும் இந்த மனிதன் பார்த்திருக்கிறார். முதுகு மட்டும் தெரிகிற படத்தைக் கூட.

"அந்த நோட்டீசை நான் ஊருக்குக் கொண்டுபோனனான்," என்றார் அண்ணன். "குணசேகரத்திட்ட வாங்கி. உன்ர வண்டவாளத்தை அம்மாவுக்குக் காட்ட. பாருங்கோ உங்கட மேள் செய்த வேலையை எண்டு குடுத்தன். அம்மா கண்ணாடியைப் போட்டு வாசிச்சா. வாசிச்சுப்போட்டுச் சிரிக்கத் தொடங்கினா. 'என்ர பிள்ளை என்னமா நடிச்சிருக்கிறாளடா, ஊரே நம்பி அழுதிட்டுதே' எண்டா. பொட்டும் அவளுக்கு வடிவாத்தான் கிடக்கு எண்டா. மாதா படத்துக்குப் பக்கத்தில ஒட்டச் சொன்னா. நான்தான் பசை பூசி ஒட்டினன். வந்தவை போனவைக்கெல்லாம் காட்டினவா, என்ர மேள் நடிச்ச படமெண்டு. சாகிறதுக்கு முதல் நாளும் டொக்டருக்குக் காட்டினவா."

பிளோறன்ஸுக்குக் கண் பொங்கிவிட்டது. அதோடு கோபமும் பொங்கியது. இருபத்தொரு வருடம். ஒவ்வொரு நவம்பரும் இறந்தோர் நாளில் மெழுகுதிரி கொளுத்தும்போது அம்மா மன்னிச்சிடுங்கோ என்று அழுதது, தூக்கமில்லாமல் கிடந்தது, எல்லாம் இந்த மனிதன் வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

"இதைச் சொல்ல உங்களுக்கு இருபத்தொரு வருசமோ?" மேசையில் கையால் அடித்தாள். பக்கத்து மேசையில் ஒரு கோப்பை உருண்டது. "மனிசரோ நீங்கள்?"

"சொன்னா நீயும் சிரிப்பாய்," என்றார். குரல் இந்த முறை தாழ்ந்திருந்தது. "அம்மா சிரிச்சா. பிறின்சி சிரிச்சாள். ராசன் ஒரு கிழமை சிரிச்சவன். எல்லாருக்கும் அது பகிடி. கொலோனில இருந்து பாரிஸ் மட்டும், அந்தப் பெட்டியில உன்னை எப்பிடிப் பாக்கிறதெண்டு அழுதுகொண்டு வந்தவன் நான் ஒராள்தான். எனக்கு மட்டும் நீ உண்மையா செத்துத்தான் எழும்பினனி."

அவள் சிரிக்கவில்லை. அம்மாவின் ஒரு நாள் அழுகைக்காக அவள் எத்தனை கடிதம் எழுதியிருக்கிறாள், எத்தனை மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறாள். அந்த நான்கு மணி நேர ரயிலைப் பற்றி ஒரு கடிதத்தில் கூட ஒரு வரி எழுதியதில்லை. நினைத்ததுகூட இல்லை. தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"அண்ணை," என்று தொடங்கினாள். தொடங்கியதை விட்டுவிட்டு, எழுந்து போய் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். ஊரில் அவர் குடிக்கிற மாதிரி, மூன்று கரண்டி சீனி போட்டுக் கலக்கிக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"எனக்குச் சீனி ஏலாதெல்லோ. சலரோகம் வந்து பன்னிரண்டு வருசம்."

"எனக்கு ஆர் சொன்னது?" என்று அவள் கத்தினாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவள் அந்தத் தேத்தண்ணியை எடுத்துத் தானே குடித்துவிட்டு, அவருக்கு வேறு போடப் போனாள்.